வடக்கே நிற்கும் வெயில்

டர்பனில் ஜூன் மாதத்து நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். உச்சிக்கு வராது. அடிவானத்திலிருந்து 37 டிகிரி ஏறினாலே அதிகம். அதே நாளில் சென்னையில் வெயில் உச்சந்தலையில் கொட்டும். நெற்றி நிழல் விழுந்து கண்கள் இரண்டும் கருங்குழிகளாகத் தெரியும். தொப்பி போட்டவர் முகம் படத்தில் வரவே வராது. அதனால்தான் காலை பத்து மணிக்கு மேல் வெளியில் போய்ப் படம் எடுத்து வா என்றால் நம் ஊர்ப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் முகம் சுளிப்போம். டர்பனில் ஜூன் என்பது குளிர்காலம். பகலில் 22, 23 டிகிரி, மழை அபூர்வம், நாள் முழுக்க நம் ஊர் மாலை நான்கு மணி வெயில். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிறுத்தினாலும் மனிதர்கள் அழகாகத் தெரிந்தார்கள்.

2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அந்த ஊருக்குப் போனபோது இந்த வெயில் மட்டும்தான் கேட்காமல் கிடைத்தது. மற்றதற்கெல்லாம் வரிசை.

வரிசை என்று சொன்னது வெறும் பேச்சுக்காக இல்லை. கழுத்தில் அக்ரெடிடேஷன் அட்டை தொங்குவதால் மட்டும் மைதானத்துக்குள் போய் உட்கார்ந்துவிட முடியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் ஒதுக்குவதில் ஒரு படிநிலை உண்டு. முதலில் பெரிய செய்தி ஏஜென்சிகள். அடுத்து, அன்றைக்கு ஆடும் இரண்டு நாட்டுப் பத்திரிகைகள். அப்புறம் போட்டியில் இருக்கும் மற்ற நாட்டவர்கள். எல்லோரும் அமர்ந்த பிறகு மிச்சம் இருந்தால், இந்தியா மாதிரி போட்டியிலேயே இல்லாத நாட்டுக்காரர்கள். நானோ சென்னையிலிருந்து போன ஒற்றை ஆள். உதவியாளர் கிடையாது, எடிட்டர் கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கும். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் பெயர் வாசிப்பார். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் நம் பெயர் வரும்போது தெரிந்துவிடும்.

கிடைக்கிற இடம் பெரும்பாலும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் இருக்கும். விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒரு சிறு முக்காலி, மடியில் லேப்டாப், மோனோபாடில் 400 மி.மீ. லென்ஸ். அங்கிருந்து பார்த்தால் நம் பக்கத்துப் பெனால்டி பகுதி கைக்கெட்டும் தூரம். எதிர்ப்பக்கத்துக் கோல் நூறு மீட்டருக்கு அப்பால். அங்கே நடப்பது வெறும் வதந்தி. ஆனால் கார்னர் இடத்துக்கு ஒரு மகிமை உண்டு. கோல் போட்டவன் பெரும்பாலும் கார்னர் கொடியை நோக்கித்தான் ஓடி வருவான். எந்தக் கார்னர் என்பதுதான் லாட்டரி.

கிரிக்கெட் படம் எடுத்துப் பழகிய கைக்கு இது வேறு வேலை. சேப்பாக்கத்தில் பந்து எங்கிருந்து கிளம்பும், எங்கே போய்ச் சேரும் என்பது தெரியும். இருபத்திரண்டு கஜத்துக்குள் கவனத்தை வைத்துக்கொண்டு, மட்டையில் படும் சத்தத்தைக் கேட்டே விரலை அழுத்தலாம். கால்பந்திலும் அனுபவசாலிகள் காதை நம்புவதுண்டு; நல்ல உதைக்கு ஒரு கனத்த ஓசை இருக்கும். தென்னாப்பிரிக்காவில் அந்தக் காதைப் பிடுங்கிக்கொண்டார்கள். வுவுசெலா என்ற ஊதுகுழல். அறுபதாயிரம் பேர் மூச்சு விடாமல் ஊதும்போது பக்கத்தில் இருப்பவர் கத்துவது கேட்காது, நம் கேமராவின் ஷட்டர் சத்தமே நமக்குக் கேட்காது. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வெறும் கண்ணால் வேலை பார்த்தோம். அந்த ஊதலைத் திட்டியவர்கள் உலகம் முழுக்க உண்டு. எனக்கு அதன் மேல் கோபம் கிடையாது. ஊதுகிறவர்களின் உப்பிய கன்னம் நல்ல படம்.

டர்பனின் மோசஸ் மபிடா மைதானம் அந்த உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டு 2009 நவம்பரில் திறக்கப்பட்டது. மபிடா தொழிற்சங்கத் தலைவர். தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர். 1986இல் மொசாம்பிக்கில் நாடு கடந்த நிலையிலேயே இறந்தவர். மைதானத்துக்கு மேலே 350 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை வளைவு போகிறது. உச்சியில் 106 மீட்டர் உயரம். தெற்கே இரண்டு கால்களாகக் கிளம்பி மேலே ஒன்றாகச் சேர்ந்து வடக்கே ஒற்றைக் காலாக இறங்கும். தென்னாப்பிரிக்கக் கொடியில் இரண்டு பட்டைகள் ஒன்றாகச் சேருவதைப் போல என்று விளக்கம் சொல்வார்கள். அந்த வளைவின் மேலேயே ஒரு கேபிள் கார் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரனுக்கு இதனால் பயன் அதிகமில்லை. கடற்கரையிலிருந்து பார்ப்பவனுக்குத்தான் அது முழுசாகத் தெரியும்.

எனக்கு முதல் ஆட்டம் ஜூன் 13, ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். உள்ளூர் நேரம் இரவு எட்டரை. நம் ஊரில் சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. நகரப் பதிப்பு அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எட்டாவது நிமிடத்தில் ஜெர்மனியின் போடோல்ஸ்கி, இருபத்தாறாவது நிமிடத்தில் க்ளோஸா. இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு கோல் விழுந்து 4-0 என்று முடிந்தது. ஆனால் சென்னையைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்துக்கு ஆட்டம் முதல் பாதியோடு முடிந்துவிட்டது. இடைவேளை விசில் ஊதும் முன்பே கார்டை லேப்டாப்பில் செருகி, ஐந்து படம் பொறுக்கி, கேப்ஷன் அடித்து அனுப்பிவிட்டுச் சென்னை டெஸ்க்குக்குப் போன் போட்டேன். நைட் சப்-எடிட்டர் நல்ல பையன். “அண்ணே, ஏஜென்சி படம் அப்பவே வந்துடுச்சுண்ணே. பேஜும் வச்சாச்சு. உங்க படம் வரட்டும், வெப்சைட்ல போட்டுக்கலாம்” என்றான்.

அவன் மேல் தப்பில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏஜென்சிக்காரரின் கேமராவிலிருந்து ஒரு கேபிள் நேராகப் புல்லோரமாக ஓடி மீடியா சென்டருக்குள் போகிறது. அவர் அழுத்துகிறார், உள்ளே உட்கார்ந்திருக்கும் எடிட்டர் பொறுக்கி, வெட்டி, கேப்ஷன் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் உலகம் முழுக்க அனுப்பிவிடுகிறார். கோலுக்குப் பின்னால் வலைக்கு உள்ளே பார்க்கிற மாதிரி அவர்களுக்கு ஆளில்லாத கேமராக்களும் உண்டு. அவர்களோடு போட்டி போட நான் வந்திருந்தால் அது அலுவலகப் பணத்துக்குச் செய்யும் துரோகம். அப்படியானால் எதற்காக வந்திருக்கிறேன் என்ற கேள்விக்கு அன்று இரவே பதில் கிடைத்தது.

ஆட்டம் முடிந்து வெகுநேரம் கழித்து மீடியா சென்டரிலிருந்து வெளியே வந்தபோது கண் எரிந்தது. கார் நிறுத்துமிடத்தில் மைதானக் காவல் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஊழியர்கள் கூடியிருந்தார்கள். சொன்ன கூலி ஒன்று, கையில் கொடுத்தது ஒன்று என்பது அவர்கள் புகார். போலீஸ் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசிக் கலைத்தது. மாலை முழுக்க எங்களைச் சோதனை போட்டு உள்ளே அனுப்பியவர்கள் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு சாலையில் ஓடினார்கள். அந்த நேரம் இந்தியாவில் விடியற்காலை மூன்றரை. எந்தப் பதிப்புக்கும் ஆகாது. அடுத்த நாள் பத்திரிகைக்கு ஒரு பகல் முழுக்க நேரம் இருந்தது. அந்தப் படம்தான் டர்பனிலிருந்து அச்சில் வந்த என் முதல் படம். அதற்குப் பிறகு அந்த மைதானத்தின் பாதுகாப்பைப் போலீசே எடுத்துக்கொண்டது.

நான்கு மணி ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டர்பனில் ஜூனில் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கு ஆட்டம் என்றால் புல்லின் மேல் நேர் வெயில் விழவே விழாது. மேற்கு ஸ்டாண்டின் நிழல் மொத்தப் புல்வெளியையும் மூடியிருக்கும். எதிரே கிழக்கு ஸ்டாண்டின் மேல்வரிசையில் மட்டும் தங்கத் தகடு ஒட்டின மாதிரி வெளிச்சம். தொலைக்காட்சிக்காக விளக்குகளும் முதலிலிருந்தே எரியும். ஆக, மேலே வானத்தின் நீலம், கூரைத்துணி வழியாகக் கசியும் வெள்ளை, விளக்கின் வெள்ளை, எல்லாம் ஒன்றாகக் கலக்கும். கேமராவை ஆட்டோமேட்டிக்கில் விட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறத்தில் சட்டை வரும். நான் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மேனுவலில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16 அன்று ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும். ஐரோப்பியச் சாம்பியன் ஸ்பெயின். கோப்பை அவர்களுக்குத்தான் என்று ஊரே பேசியது. முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஸ்பெயின் கோலுக்கு முன்னால் ஒரு களேபரம்: சுவிட்சர்லாந்தின் டெர்டியோக் ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ் மேல் மோதி விழ, பீக்கே குறுக்கே விழ, பந்து யார் காலில் பட்டது என்று தெரியாமல் உருள, ஜெல்சன் பெர்னாண்டஸ் தள்ளிவிட்டார். பீக்கேயின் நெற்றியில் ரத்தம். கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் கிழக்கு ஸ்டாண்டின் கடைசி வெளிச்சமும் போனது. என் கார்டில் பாருங்கள், கோலுக்கு முன்பு எடுத்த படங்களில் பின்னணிக் கூட்டம் சூடான நிறத்தில் இருக்கும். பின்பு எடுத்தவற்றில் சாம்பல். ஸ்பெயினுக்கு 1-0 தோல்வி. அவர்கள் அங்கேயே முடிந்தார்கள் என்று எழுதியவர்கள் பலர்.

ஒன்றரை மணி ஆட்டம் இதைவிடக் கொடுமை. ஜூன் 19, நெதர்லாந்தும் ஜப்பானும். வடக்குப் பாதி நிழலில், தெற்குப் பாதி வெயிலில். இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் மூன்று ஸ்டாப் வித்தியாசம். வீரன் நிழலிலிருந்து வெயிலுக்கு ஓடி வரும் அந்த இரண்டு நொடியில் விரல் எக்ஸ்போஷரை மாற்றியிருக்க வேண்டும். அனுபவசாலிகள் என்ன செய்வார்களென்றால் இரண்டு பாதிக்கும் போகமாட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே குடியிருப்பார்கள். நான் வெயிலில் குடியிருந்தேன். ஆரஞ்சுச் சட்டை வெயிலில்தான் ஆரஞ்சு. அந்த ஆட்டத்தின் ஒரே கோலை நெதர்லாந்தின் ஸ்னைடர் போட்டார்.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜூன் 22, நைஜீரியாவும் தென்கொரியாவும். நைஜீரியா 2-1 என்று பின்தங்கியிருந்தது. வென்றால் அடுத்த சுற்றுக்குப் போக வாய்ப்பு. அறுபத்தாறாவது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து பந்து தாழ்வாகக் குறுக்கே வருகிறது. கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. நைஜீரியாவின் யாகுபுவுக்கு முன்னால் சில கஜ தூரத்தில் காலி வலை. அது என் பக்கத்துக் கோல். கேமரா நொடிக்கு ஒன்பது படம் எடுக்கும். முதல் படத்தில் பந்து வருகிறது. இரண்டாவதில் கால் நீள்கிறது. மூன்றாவதில் பாதத்தின் உட்பக்கம் பந்தைத் தொடுகிறது. இந்த மூன்றாவது படத்தை யாரிடம் காட்டினாலும் கோல் என்றுதான் சொல்வார்கள். பந்தும் காலும் வலையும் இருக்கிற இருப்பு அப்படி. நான்காவதில் பந்து கம்பத்துக்கு வெளியே. ஐந்தாவதிலிருந்து பதினோராவது வரை அவர் முகம். அந்த ஏழு படங்களில் முகம் மாறுவதே இல்லை. அதற்குப் பிறகுதான் மாறுகிறது. ஏழு படம் என்பது முக்கால் நொடிக்கும் சற்று அதிகம். நடந்தது மூளைக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. மூன்று நிமிடம் கழித்து அதே யாகுபு பெனால்டியில் கோல் போட்டு 2-2 ஆக்கினார். அது யாருக்கும் நினைவில்லை. கொரியா அடுத்த சுற்றுக்குப் போனது. நைஜீரியா வீட்டுக்குப் போனது.

இவ்வளவு நல்ல வரிசைப் படங்கள் கிடைத்தும் டெஸ்க்கில் அன்றும் ஏஜென்சி படம்தான். ஏனென்றால் மூன்றாவது படமும் ஐந்தாவது படமும் எங்கள் மூலையில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் இருந்தன. மைதானத்துக்குள் எல்லோருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு காத்திருப்போர் பட்டியலில் பெயர் வராத நாட்களில் எனக்கு வருத்தம் குறைந்தது.

மைதானத்துக்கு வெளியே கிடைத்த படம் ஒன்றைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து ஸ்பெயினைத் தோற்கடித்த அன்று இரவே தென்னாப்பிரிக்காவுக்கு பிரிட்டோரியாவில் உருகுவேயோடு ஆட்டம். ஜூன் 16 அந்த நாட்டில் இளைஞர் தினம். 1976இல் சோவெட்டோவில் சுடப்பட்ட மாணவர்களுக்கான விடுமுறை. மைதானத்திலிருந்து நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். மணலில் ராட்சதத் திரை வைத்து ஆட்டத்தை இலவசமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள், தோளில் குழந்தைகள், மஞ்சள் சட்டைகள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்ற ஒரே ஆள் நான்தான். பெரிய லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு 50 மி.மீ. போட்டுக்கொண்டேன். அங்கே விளக்கு அந்தத் திரைதான். திரையில் புல்வெளி வந்தால் எல்லா முகமும் பச்சை. வீரனின் முகம் கிட்டத்தில் வந்தால் செம்மை. மறு ஒளிபரப்புக்கு முன்பு வெள்ளைப் பளிச்சென்று வந்தால் ஒரு கணம் இரண்டாயிரம் முகங்களும் பகல் போலத் தெரியும். அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

உருகுவேயின் போர்லான் முதல் கோலைப் போட்டபோது ஊதல் நிற்கவில்லை. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கக் கோல்கீப்பர் கூனே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பெனால்டியில் இரண்டாவது கோலும் விழுந்தது, அப்போதுதான் நின்றது. நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய சத்தம் போன பிறகு அலைச் சத்தம் கேட்டது. மக்கள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். கடைசி நிமிடத்தில் மூன்றாவது கோல் விழுந்தபோது திரைக்கு முன்னால் பாதி இடம் காலி. கொடியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண் திரையைப் பார்க்காமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பச்சை விழுந்து கொண்டிருந்தது. மறுநாள் அந்தப் படத்தை ஐந்து பத்தி அகலத்துக்குப் போட்டார்கள். ஏஜென்சிகளின் ஆட்கள் அப்போது பிரிட்டோரியாவில் இருந்தார்கள்.

டர்பனுக்கும் தமிழர்களுக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்ததுதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்குமாக இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் கூலிகளாகப் போனார்கள். கடைப் பலகைகளில் பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலி எல்லாம் ஆங்கில எழுத்தில் உருமாறி நிற்கும். இதைப் பற்றிப் பயணக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. கோயில் படம் எடுத்து அனுப்பு என்றுதான் டெஸ்க்கும் சொன்னது. அனுப்பினேன். ஆனால் நான் தேடிப் போனது கரீஸ் பவுண்டன்.

தாவரவியல் பூங்காவுக்குக் கீழே இருக்கும் மைதானம் அது. நிறவெறிக் காலத்தில் கால்பந்தும் நான்கு துண்டாக இருந்தது: வெள்ளையருக்கு ஒரு சங்கம், ஆப்பிரிக்கர்களுக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று. 1961இல் ஃபிபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. 1976இல் வெளியேற்றியே விட்டது. அந்தக் காலத்தில் நிறம் பார்க்காமல் ஆட வேண்டும் என்று ஒரு லீக் தொடங்கியவர்களுக்கு இடம் கொடுத்த மைதானங்களில் ஒன்று கரீஸ் பவுண்டன். மற்ற மைதானங்களை நகராட்சிகள் ஒவ்வொன்றாக மூட, அந்த லீக் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

அங்கே வேலியோரம் நின்று பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். பேச்சு ஆங்கிலத்தில்தான், தமிழில் மிச்சம் இருந்தவை உறவுச் சொற்களும் சாப்பாட்டுச் சொற்களும். என்னைத் தம்பி என்றார். நான் அங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அங்கிள் என்றேன். அந்தக் காலத்தில் சனிக்கிழமை மதியம் இங்கே நிற்க இடம் கிடைக்காது என்றார். இடது விங்கில் ஆடியவராம். “உலகக் கோப்பைக்கு டிக்கெட் வாங்கினீர்களா, அங்கிள்?” என்று கேட்டேன். மகன் வாங்கிக் கொடுத்தானாம், ஜப்பான் ஆட்டம். “நல்ல சீட், தம்பி. ஆனா பந்து ரொம்ப லேசு. ஜபுலானியாம். அதை நான் ஒதச்சிருந்தா கடலுக்குப் போயிருக்கும்” என்றார். அவரை வடக்கு வெயிலில், வேலியில் கை போட்டபடி எடுத்தேன். நேரம் பதினொன்றரை. சென்னையில் அந்த நேரத்துக்கு எடுத்திருந்தால் அந்த முகத்தில் பாதி தெரிந்திருக்காது.

சாட்ஸ்வொர்த் போகச் சொன்னவர் அவர்தான். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அங்கிருந்து வந்த மேனிங் ரேஞ்சர்ஸ் அணிதான் 1996-97இல் தென்னாப்பிரிக்காவின் புதிய பிரீமியர் லீக்கின் முதல் சாம்பியன். பெரிய பணக்கார அணிகளை எல்லாம் தாண்டி. பத்து ஆண்டுக்குள் அந்த அணி கடனில் விழுந்து கைமாறிக் காணாமல் போனது. டீக்கடை மாதிரியான ஒரு கடையில் உட்கார்ந்து பன்னி சவ் சாப்பிட்டேன். பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். கூடவே துருவிய கேரட்டும் பச்சை மிளகாயும். கரண்டி கேட்கக் கூடாது. சுவரில் அந்த 1997 அணியின் படம் ஒன்று மஞ்சளாகித் தொங்கியது. வரிசையில் நிற்கும் வீரர்களில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். அந்தச் சுவரையும் அதற்குக் கீழே தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த உலகக் கோப்பையையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர நாற்காலி மேல் ஏறி நின்றேன். கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பிரேசிலும் போர்ச்சுகலும் மோதிய ஜூன் 25 அன்று என் பெயர் வாசிக்கப்படவில்லை. அந்த ஆட்டம் 0-0. ஏழு மஞ்சள் அட்டை. இரண்டு அணியும் அடுத்த சுற்றுக்குப் போயாயிற்று. உள்ளே போன நண்பர்கள் அலுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் கடற்கரையில் இருந்தேன். பிரேசில்காரர்கள், போர்ச்சுகீசியர்கள், அதே மொழி பேசிக்கொண்டு எல்லை தாண்டி வந்த மொசாம்பிக்காரர்கள், ஜூலு ரிக்‌ஷாக்காரர்களின் மணிகோத்த தலையலங்காரம், பின்னால் மைதானத்து வெள்ளை வளைவு. அன்றைக்கு எடுத்தவற்றைத்தான் பத்திரிகை அரைப் பக்கத் தொகுப்பாகப் போட்டது.

அரையிறுதிக்கு, ஜூலை 7 அன்று, இடம் கிடைத்தது. புல்லோரமில்லை, ஸ்டாண்டின் மேலே. ஜெர்மனியும் ஸ்பெயினும். அன்று மாலை, அந்த மே மாதம்தான் திறந்திருந்த கிங் ஷாகா விமான நிலையத்தில் பணக்காரர்களின் தனி விமானங்கள் நகராமல் நின்றதால், டிக்கெட் வைத்திருந்த ரசிகர்கள் வந்த விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. என் வரிசையில்கூட காலி இருக்கைகள். எழுபத்து மூன்றாவது நிமிடத்தில் ஸ்பெயினின் ஷாவி அடித்த கார்னர். மேலிருந்து பார்த்ததால் பூயோல் எங்கிருந்து கிளம்பினார் என்பது தெரிந்தது: பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து ஓடிவந்து, தன் அணியின் பீக்கேயையும் தாண்டிக் குதித்துத் தலையால் இடித்தார். புல்லோரம் இருந்தவர்களுக்கு முகம் கிடைத்தது. எனக்கு அந்த ஓட்டத்தின் பாதை கிடைத்தது. இதே மைதானத்தில் முதல் ஆட்டத்தைத் தோற்ற ஸ்பெயின் இங்கிருந்தே இறுதிக்குப் போய், நான்கு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் கோப்பையையும் வாங்கியது. இன்னொரு சங்கதி. தடை நீங்கி மறுபடி சேர்க்கப்பட்ட தென்னாப்பிரிக்கா தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது 1992ஆம் ஆண்டு, அதே ஜூலை 7 அன்று, பக்கத்திலிருக்கும் கிங்ஸ் பார்க் மைதானத்தில், கேமரூனோடு. 1-0 வெற்றி. இதைக் கேப்ஷனில் சேர்த்து அனுப்பினேன். இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பெரிய போட்டிகளுக்கு இனிமேல் அதிகம் போவார்கள். அவர்களுக்குச் சில காரியங்கள். கிளம்பும் முன்பு போகிற ஊரின் சூரிய உதயம், மறைவு, ஆட்ட நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய லென்ஸை ஊரிலிருந்து சுமக்காதீர்கள். கேமரா நிறுவனங்கள் மீடியா சென்டரில் கடை விரித்திருக்கும், பதிவு செய்திருந்தால் இரவல் கிடைக்கும், சென்சாரில் படிந்த தூசியையும் துடைத்துத் தருவார்கள். கடலோர ஊரென்றால் தினமும் ராத்திரி லென்ஸ் முகப்பில் ஒட்டிய உப்பைத் துடைத்துவிட்டுப் படுங்கள். அறையை மைதானத்துக்குப் பக்கத்தில் தேடாமல், ஊர் மக்கள் திரை பார்க்கக் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் டெஸ்க்கிடம் கிளம்பும் முன்பே கறாராகப் பேசிவிடுங்கள்: கோல் படம் ஏஜென்சியிடம் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு மறுநாள் பக்கத்தில் இடம் கொடுங்கள் என்று.